மொட்டையின் ஒன்பதாவது படம்

செம்பூர்
3 ஏப்ரல் 2025

தம்பி இனாயத்துல்லாவுக்கு,

ஸலாம். ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமை என்று உனக்குத் தெரியும். ஆகையால் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதித்தான் ஆகவேண்டும். போன் பண்ணிப் பார்க்காதே, உன் நம்பரை பிளாக் பண்ணியிருக்கிறேன். போனில் நீ கத்துவாய், நான் அதைவிடக் கத்துவேன், கடைசியில் யார் என்ன சொன்னோம் என்று இரண்டு பேருக்குமே நினைவிருக்காது. காகிதத்தில் எழுதினால் எழுதியது எழுதியதுதான். என் வீட்டுக்காரர், உன் மச்சான், வெள்ளிக்கிழமை தவறாமல் ஜும்ஆவுக்குத் தாராவிக்கு வருகிறார். செம்பூரில் பள்ளிவாசலே இல்லாததுபோல! தொழுகைக்கு வருகிறாரா, உன் பெண்டாட்டி சபா வைக்கிற பிரியாணிக்கு வருகிறாரா என்று எனக்குத் தெரியாது. எதற்கோ வருகிற மனுஷர் கடிதத்தையும் கொண்டு வரட்டும்.

மொட்டையை நான் கையோடு எடுத்துக்கொண்டு வந்தது திருட்டு என்று மச்சானிடம் சொன்னாயாமே. மூடிப் போன ஒரு கல்லூரியின் குப்பையிலிருந்து அந்தப் புத்தகத்தைத் தூக்கி வந்தவள் நான். நில அளவைக் கருவிகளைப் பற்றி நூற்றெழுபது வருஷத்துக்கு முன்னால் லண்டனில் அச்சடித்த புத்தகம். முகப்புத்தாள் போய்விட்டதால் பெயரும் தெரியாது, எழுதியவரும் தெரியாது, முன்னுரையின் அடியில் இருக்கிற ஊரும் வருஷமும்தான் தெரியும். மொட்டை என்று பெயர் வைத்தவன் நீதான். நம் பழம்பொருள் கடை ஆரம்பித்த நாளிலேயே பித்தளை உன் பக்கம், காகிதம் என் பக்கம் என்று பேசிக்கொண்டோம். நோன்பின் கடைசிப் பத்து நாளில் நான் கடைக்கு வராத நேரம் பார்த்து என் பக்கம் வந்து, என் கத்தியாலேயே ஒன்பது படங்களை வெட்டி விற்றிருக்கிறாய். அதுவும் யாருக்கு? ஹோட்டல் சுவருக்குப் படம் மாட்டுகிறவனுக்கு!

நேற்று வேதமுத்து சார் நம் கடையில் நின்ற நிலையை நினைத்தால் எனக்கு இன்னும் காது சுடுகிறது. அணுசக்தி நகரில் இன்ஜினீயராக இருந்து ரிட்டயர் ஆன மனுஷர், செம்பூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகளுக்காக ஓர் அறை ஏற்பாடு செய்கிறார். பழைய கருவி ஒன்று, அதைப் பற்றிச் சொல்லும் பழைய புத்தகம் ஒன்று, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், பிள்ளைகள் தொட்டுப் பார்க்கலாம். முதல் ஜோடியாக, நிலத்தில் கோணம் அளக்கிற நம் தியோடலைட்டையும் மொட்டையையும்தான் கேட்டு வந்தார். அவர் எதிரில் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். படம் இருக்க வேண்டிய இடமெல்லாம் விரல் அகலத்துக்குக் காகிதத் துண்டு நிற்கிறது. எனக்கு உயிரே போய்விட்டது.

நான் சொல்வது ஒன்றுதான். ஒன்பது படமும் திரும்பி வரவேண்டும். வரும்வரை நான் கடைப் படி ஏறமாட்டேன். ஜூன் கடைசி சனிக்கிழமை சார் அறையைத் திறக்கிறார், அதற்குள் வேண்டும்.

ராபியா

*

தாராவி
4 ஏப்ரல் 2025

ராபியா லாத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு. பார்த்தாயா, நீ அரை ஸலாம் கொடுத்தாய், நான் முழுசாகத் திருப்பித் தருகிறேன். யார் பெரிய மனசுக்காரர் என்று இதிலேயே தெரிந்துகொள்.

மச்சான் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார். அவர் கை கழுவுவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். இரண்டாவது தட்டு வாங்கியிருக்கிறார், அதனால் கொஞ்சம் நேரம் இருக்கிறது.

லாத்தா, அந்தப் புத்தகத்துக்கு முகப்பு இல்லை. முதுகைக் கரையான் தின்றுவிட்டது. அட்டை ஒரு பக்கம்தான். பத்து மாசமாக உன் அலமாரியில் கிடந்தது, ஒருத்தன் விலை கேட்கவில்லை. ஜீஷான் வந்து, பழைய காலத்துக் கருவிப் படம் இருந்தால் கொடு பாய், ஐரோலியில் ஒரு ஆபீஸ் கேன்டீனுக்கு மாட்டணும் என்றான். செத்த மாட்டைத்தானே உரித்தேன்! நம் வாப்பா தோல் கிடங்கில் உழைத்த மனுஷர்தானே, செத்த மாட்டை யாராவது புதைப்பார்களா?

சரி, என்னை விடு. நீ என்ன செய்தாய்? பெருநாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் கடையைக் கழுவுகிறேன் பேர்வழி என்று வந்து, இருக்கிற பித்தளை எல்லாவற்றையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாயே! தியோடலைட்டையும் குடம் தேய்க்கிற மாதிரி தேய்த்துவிட்டாய். கோணம் படிக்கிற வட்டத்துக்கு மேலே மெல்லிசாக வெள்ளி பூசி, கோடுகளில் கறுப்பு மெழுகு அடைத்திருப்பார்கள். வெள்ளியும் போச்சு, கறுப்பும் போச்சு. இப்போது மஞ்சள் மேலே மஞ்சள் கோடு, எந்தக் கண்ணாடி போட்டாலும் ஒரு எண் தெரியவில்லை. பித்தளை என் பக்கம் என்று அன்றைக்கு மட்டும் மறந்துபோச்சாக்கும்.

சார் என்ன சொன்னார் என்பதையும் முழுசாக எழுது. "புத்தகத்துல படம் இல்ல, வட்டத்துல கோடு இல்ல. பிள்ளைங்களுக்கு நான் எதைக் காட்ட?" என்று இரண்டு பேரையும் பார்த்துத்தான் கேட்டார். நாம் இரண்டு பேரும் அவர் முன்னாலேயே ஜகடா போட்டதில் பாவம், பையை எடுத்துக்கொண்டு தானே படி இறங்கிப் போனார்.

படம் திரும்பாது. விற்றது விற்றதுதான். கோபம் ஆறினதும் வா.

இனாயத்

*

செம்பூர்
10 ஏப்ரல் 2025

இனாயத்துல்லாவுக்கு,

ஸலாம்.

மொட்டை சாகவில்லை. மயங்கிக் கிடந்தது. நீ உயிரோடு உரித்துவிட்டாய்.

புளி போட்டது தப்புதான். பெருநாளைக்கு வீட்டில் ஒரு பித்தளைச் சாமான் கறுத்திருக்கக் கூடாது என்று உம்மா நம்மைச் சின்ன வயசிலேயே அடித்துப் பழக்கினார்கள். பளபளவென்று ஆனதும் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. சார் முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. ஆனால் என் தப்பைக் காட்டி உன் தப்பை மூடாதே. இரண்டையும் சரி பண்ணுவோம்.

நீ உரித்துப் போட்ட மாடு இன்னும் பால் தருகிறது, கேட்டுக்கொள். படம் போனாலும் எழுத்து முழுசாக இருக்கிறது. வட்டத்துக்கு மறுபடி வெள்ளி ஏற்றுகிற முறை அதில் ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறது. வெள்ளிக் குளோரைடு, உப்பு, டார்ட்டர் என்கிற வெள்ளைப் பொடி மூன்றையும் ஈரத் துணியில் தொட்டு வட்டத்தின் மேல் சுழற்றித் தேய்க்க வேண்டும். அதற்கு முன்னால் கோடுகளில் கறுப்பு மெழுகை உருக்கி அடைக்க வேண்டும். முழுப் பக்கத்தையும் தமிழில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். மருந்துச் சாமான் எங்கே கிடைக்கும் என்று வேதமுத்து சாரைக் கேள். வெட்கப்படாமல் கேள்.

வட்டத்தை நீ பார். தாள்களை நான் பார்க்கிறேன். வெட்டிய இடத்தில் நிற்கிற துண்டுகளை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறேன். படம் வந்தால் அதே துண்டில் மெல்லிய தாள் வைத்து ஒட்டிவிடலாம், புத்தகம் பழையபடி புரளும். ஆனால் அதற்குப் படம் வேண்டும். விற்றது விற்றதுதான் என்று இன்னொரு தடவை எழுதினால் உன் மச்சானைச் செம்பூரிலேயே ஜும்ஆ தொழச் சொல்லிவிடுவேன்.

ராபியா

*

தாராவி
25 ஏப்ரல் 2025

லாத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மத்துல்லாஹி.

மச்சான் கையில் ஒரு குழாய் கொடுத்திருக்கிறேன். பஸ்ஸில் உட்காரும்போது அதன்மேல் சாயவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். உள்ளே எட்டுப் படம் இருக்கிறது. ஆமாம், எட்டு! இப்போதாவது வாயைத் திற.

எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன், உனக்கு எரியும். ஜீஷானைப் பிடித்தேன். "அரே பாய், அதெல்லாம் எப்பவோ சுவத்துல ஏறிருச்சு" என்றான். ஒரு வாரம் அவன் வீட்டு வாசலில் நின்றேன். கடைசியில் விலாசம் தந்தான். ஆறு படம் ஐரோலி ஆபீஸில். கேட்டில் செக்யூரிட்டி, உள்ளே ரிசப்ஷன், அதற்கும் உள்ளே அட்மின் அம்மா ஒருத்தர். நான் கூடவே நகல் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். வெட்டினபோது ஜீஷானுக்குக் காட்ட ஒவ்வொன்றையும் ஸ்கேன் பண்ணி வைத்திருந்தேன். நல்ல தாளில் பிரிண்ட் போட்டு, அசலைக் கொடுங்கள், இதை மாட்டிக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். சண்டை போடத் தயாராகத்தான் போனேன். அந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஃப்ரேம் அதேதானே? அப்ப மாத்திக்கோங்க" என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார். ஒருத்தர் ஸ்டூல் கொண்டு வந்து தந்தார். நானே கழற்றி நானே மாட்டினேன். சுற்றி நூறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், ஒருத்தன் கேட்கவில்லை லாத்தா, அது என்ன படம், ஏன் எடுக்கிறாய் என்று. மாட்டுங்கா காபிக் கடையில் இருந்த இரண்டும் இதே கதைதான்.

திரும்பி வரும்போது ரயிலில் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. கிடைத்துவிட்டதே என்று சந்தோஷப்பட வேண்டியவன், இவனுகளுக்காகவா வெட்டினேன் என்று உட்கார்ந்திருந்தேன். இதை வைத்து என்னைக் குத்திக் காட்டாதே.

ஒன்பதாவது படம் காட்கோபரில் பூலோகம் என்று ஒருவருடைய இட்லிக் கடையில் இருக்கிறதாம். ஜீஷான் மிச்சம் விழுந்ததை அவருக்குச் சும்மா கொடுத்தானாம். அடுத்த வாரம் போய் வாங்கி வருகிறேன். இட்லிக் கடைதானே, சுலபம்.

இனாயத்

*

செம்பூர்
1 மே 2025

இனாயத்துல்லாவுக்கு,

ஸலாம்.

எட்டும் வந்தது. தரையில் துணி விரித்து வரிசையாகப் பரப்பி வைத்துப் பார்த்தேன். உன் மச்சான் டீயோடு வந்தார், கிட்டே வரக் கூடாது என்று சமையலறைக்கே துரத்திவிட்டேன். இவை செப்புத் தகட்டில் செதுக்கி அழுத்தி எடுத்த படங்கள். விரலால் தடவினால் ஓரத்தில் தகடு அமுங்கின பள்ளம் தெரியும். ஏழு படத்தில் இருக்கிறது. மாட்டுங்காவிலிருந்து வந்த ஒன்றில் இல்லை. ஃப்ரேமுக்குப் பொருந்த வேண்டும் என்று நாலு பக்கமும் கத்தரித்திருக்கிறார்கள். கீழே இருந்த விளக்க எழுத்தும் போய்விட்டது. அதையும் அப்படியே ஒட்டுகிறேன். காயம் பட்டாலும் வீட்டுக்கு வந்த பிள்ளை.

நீ ஸ்டூல் மேல் ஏறி நின்று படம் மாற்றியதை இரண்டு தடவை படித்தேன். குத்திக் காட்டமாட்டேன். மனசுக்குள் சிரித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

இப்போது விஷயம். வராத அந்த ஒன்பதாவது படம் எது என்று பார்த்தாயா? தியோடலைட்டின் படம் அதுதான். சார் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கேட்ட கருவி அதுதானேடா! மீதி எட்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அளவுச் சங்கிலிப் படமும் அளவுகோல் படமும் இருந்து என்ன பிரயோசனம்? இட்லிக் கடைதானே சுலபம் என்று எழுதியிருக்கிறாய். சுலபம் என்று நீ சொன்ன காரியம் எதுவும் சுலபமாக முடிந்ததில்லை. போய் வாங்கி வா.

ராபியா

*

தாராவி
16 மே 2025

லாத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம்.

உன் வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது. மூன்று தடவை காட்கோபர் போய் வந்தேன். மூன்று தடவையும் இட்லி சாப்பிட்டு வந்ததுதான் மிச்சம்.

பூலோகம் அண்ணாச்சிக்கு அறுபது இருக்கும். நம் ஊர்ப் பக்கம்தான், திசையன்விளை. படம் கல்லாவுக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. பிரிண்டைக் காட்டி, அண்ணாச்சி, இது புதுசு, பளிச்சென்று இருக்கிறது, அந்தப் பழசைக் கொடுங்கள் என்றேன். பிரிண்டைத் தடவிப் பார்த்தார். அப்புறம் எழுந்து, சுவரிலிருந்த படத்தைத் தொடாமல் அதன் கிட்டே முகத்தைக் கொண்டு போனார்.

"இது என்ன சாமான்னு ஒமக்குத் தெரியுமா பாய்?" என்றார்.

தெரியும், தியோடலைட் என்றேன்.

"பேரு ஒமக்குத் தெரியும். பாரம் எனக்குத் தெரியும்" என்றார். கொங்கண் மலையில் ரோடு அளந்த ஒரு கம்பெனியில் பதினைந்து வருஷம் இதன் ஸ்டாண்டையும் பெட்டியையும் தோளில் சுமந்தவராம். காலையில் ஏற்றத்தில் ஏறி, ஸ்டாண்டை நட்டு, பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். "இன்ஜினீயருங்க நல்லவங்கதாம்வே. கூட உக்காந்து சாப்பிட்டிருக்காங்க. ஆனா ஒரு நாளும் வாடா பூலோகம், வந்து பாருன்னு சொன்னதில்ல. எனக்கும் கேக்கத் தோணல. கேட்டிருந்தா விட்டிருப்பாங்களோ என்னமோ." அதற்குள் பார்சலுக்கு ஆள் வந்துவிட்டது, சாம்பார் ஊற்றப் போய்விட்டார்.

மூன்றாவது தடவை போனபோது கொஞ்சம் அதட்டிப் பார்த்தேன். அது எங்கள் கடைப் புத்தகத்திலிருந்து வந்தது, திருப்பிக் கொடுப்பதுதான் நியாயம் என்றேன். "வெட்டினது யாரு?" என்று கேட்டார். இட்லிக்குக் காசை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

லாத்தா, ஒரு வழி சொல்கிறேன், கோபப்படாதே. என்னிடம் ஸ்கேன் இருக்கிறது. பழைய மாதிரியே தாள் வாங்கி, டீத்தண்ணியில் நிறம் ஏற்றி, பக்காவாகப் பிரிண்ட் போட்டுத் தருகிறேன். ஒன்பதாவது இடத்தில் அதை ஒட்டிவிடு. சாருக்குத் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. ஐரோலியில் நூறு பேருக்குத் தெரியவில்லையே.

இனாயத்

*

செம்பூர்
29 மே 2025

இனாயத்துல்லாவுக்கு,

ஸலாம். இந்த வருஷம் மழை மேயிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. பசை காய மாட்டேன் என்கிறது. ஃபேனைப் போட்டால் தாள் பறக்கிறது, போடாவிட்டால் பூஞ்சை பிடிக்கிறது. இஸ்திரிப் பெட்டியைச் சுட வைத்து, துணி போட்டு, மேலாகப் பிடித்துப் பிடித்துக் காய வைக்கிறேன். ஆறு படம் ஏறிவிட்டது.

டீத்தண்ணி யோசனைக்கு வருகிறேன். உன்னைப் பெற்ற உம்மா இப்போது இருந்திருந்தால் தோசைக் கரண்டியோடு வந்திருப்பார்கள். ஐரோலியில் சுவரில் நகல் தொங்கினால் அது அலங்காரம். அதை யாரும் நம்பி எதுவும் கற்றுக்கொள்ளப் போவதில்லை. புத்தகத்துக்குள் நகலைப் பழசு மாதிரி ஒட்டினால் மொட்டை பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். பெயர் இல்லாத புத்தகமாக இருக்கலாம், பொய் சொல்லுகிற புத்தகமாக இருக்கக் கூடாது. அதைச் செய்ய என் கை வராது. இன்னொரு தடவை கேட்காதே.

அந்தப் பூலோகம் அண்ணாச்சி சொன்னதை எழுதியிருக்கிறாயே, எழுதின நீயே அதைத் திரும்பப் படித்தாயா? பதினைந்து வருஷம் சுமந்தவரை ஒருத்தரும் பார்க்கக் கூப்பிடவில்லை. நீயும் மூன்று தடவை போய், கொடு, கொடு, கொடு என்றுதான் கேட்டிருக்கிறாய். உன் பின்னால் கடையில் ஒரு தியோடலைட் சும்மா நிற்கிறது! வட்டத்துக்கு வெள்ளி ஏற்று. ஏற்றிவிட்டு, தூக்கிக்கொண்டு காட்கோபர் போ. அவரைப் பார்க்கச் சொல். படத்துக்காகச் செய்யாதே, பார்க்கச் சொல்வதற்காகச் செய். படம் வந்தால் வரட்டும்.

ராபியா

*

தாராவி
13 ஜூன் 2025

லாத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

இந்தக் கடிதம் கொஞ்சம் நீளம். ஹஜ்ஜுப் பெருநாள் இறைச்சி இன்னும் இருக்கிறது, மச்சானும் அவசரப்படவில்லை.

வேதமுத்து சாரிடம் போனேன். சிரித்தார், திட்டவில்லை. மருந்தெல்லாம் அவரே வாங்கித் தந்தார். டார்ட்டர் பொடியைக் கையில் வைத்துக்கொண்டு, "இதோட புளிப்பும் புளியோட புளிப்பும் ஒரே குடும்பம்தாம்பா. உங்க அக்கா புளியால அழிச்ச சாமானுக்கு அந்தப் புளியோட சொந்தக்காரன்தான் வைத்தியம் பண்ணப் போறான்" என்றார். நீ எழுதின மாதிரியே செய்தேன். மெழுகு முதல் தடவை கோட்டை விட்டு வெளியே வழிந்தது, சுரண்டி எடுத்து மறுபடி அடைத்தேன். வெள்ளி முதலில் பட்டை பட்டையாக, சீக்குக் கோழி மாதிரி ஏறியது. இரண்டாவது தடவை கழுவித் தேய்த்ததும் வெள்ளை பரவியது பார், சபா அடுப்பை விட்டு ஓடி வந்தாள். முழு வட்டமும், ஒவ்வொரு கோடும் எண்ணும் தெரிகிறது. உன் தப்பு சரியாகிவிட்டது. என்னுடையதுதான் பாக்கி.

செவ்வாய்க்கிழமை மழை விட்டிருந்தது. டாக்சியில் ஏற்றிக் காட்கோபர் போனேன். கடைக்கு எதிரே நடைபாதையில் ஸ்டாண்டை விரித்தேன். எனக்குச் சரியாக நிறுத்தத் தெரியவில்லை. அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்து வந்து, மூன்று காலையும் காலால் மிதித்து நட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் நாலு அடி தள்ளிப் போய் நின்றுவிட்டார்.

அண்ணாச்சி, வாங்க, பாருங்க என்றேன். அவர் என்னைப் பார்த்தார். சுற்றிப் பார்த்தார். கையை வேட்டியில் துடைத்தார். குனிந்து ஒற்றைக் கண்ணை வைத்தார். நான் மெட்ரோ பாலத்துக்கு நேராகத் திருப்பி வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு ரயில் வந்தது.

"ஏ! தலைகீழால்லா போகுது!" என்று கத்தினார். ரோட்டில் போனவனெல்லாம் திரும்பினான். பழைய கருவியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும், அண்ணாச்சி என்றேன். "அவனுவ இம்புட்டு நாளும் ஒலகத்தைத் தலைகீழா வச்சா அளந்தானுவ?" என்று சிரித்தார், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் ஒரு அரை மணி நேரம் கண்ணை எடுக்கவில்லை. கடையில் இட்லி கேட்டவர்களை, "இருங்கவே, அளந்துட்டிருக்கேன்" என்றார். வரிசையில் நின்று எல்லாரும் பார்த்தார்கள்.

கடைசியில் என் தோளைத் தட்டினார். இப்போது படத்தை எடுத்துத் தந்துவிடுவார் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். "நல்லாருப்பே பாய்" என்றார். "படம் மட்டும் தரமாட்டேன். முன்னெல்லாம் தூக்குன சாமானாத்தான் இருந்துச்சு. இப்ப நான் பாத்த சாமான்."

திரும்பிக் கேட்க எனக்கு மனசு வரவில்லை லாத்தா. என்னால் ஆகவில்லை. தோற்றுவிட்டேன். இனி நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன்.

இனாயத்

*

செம்பூர்
19 ஜூன் 2025

இனாயத்துல்லாவுக்கு,

ஸலாம்.

நேற்று நானே காட்கோபர் போனேன். நான் யாரென்று சொல்லவில்லை. ஒரு ஓரமாக உட்கார்ந்து இட்லி சாப்பிட்டேன். சட்னியில் உப்பு கம்மி. படத்தை நன்றாகப் பார்த்தேன். கண்ணாடி துடைத்து, புகை படாமல் மேலே ஒரு தகரத்தைக் கூரையாக மடித்து வைத்திருக்கிறார். ஓரத்துப் பள்ளம் நாலு பக்கமும் முழுசாக இருக்கிறது. ஒருத்தரும் கத்தரிக்கவில்லை. பக்கத்து மேசைக்காரர் அது என்ன என்று கேட்டார். அண்ணாச்சி சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். எங்கே கண் வைக்க வேண்டும், எது சுற்றும், எப்படித் தலைகீழாகத் தெரியும் என்று சொல்லிக்கொண்டே போனார். கேட்டவருக்குச் சாம்பார் கடைசிவரை வரவில்லை.

இரண்டரை மாசமாக ஒன்பதும் வேண்டும், ஒன்பதும் வேண்டும் என்று உன்னை விரட்டியவள் நான். படத்தைக் கேட்கத்தான் போனேன். கேட்காமல் வந்துவிட்டேன்.

ஆனால் உன்னை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. ஒன்பதாவது இடத்தில் நகல் வராது. வெறும் துண்டாகவும் அதை விடமாட்டேன். இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். மொட்டையின் அளவுக்கு வெட்டியது, நல்ல பருத்தித் தாள், ஒன்றுதான் இருக்கிறது, மடக்காதே, எண்ணெய்க் கையோடு தொடாதே. அதில் அந்தப் படம் எங்கே போனது என்று உன் கையால் எழுது. பிள்ளைகள் படிக்கப் போகிறார்கள். பிரிண்ட் போடாதே, சபாவை எழுதச் சொல்லாதே, உன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தாலும் பரவாயில்லை. நீ எழுதுவதை அப்படியே ஒட்டுவேன், ஒரு எழுத்துத் திருத்தமாட்டேன்.

ராபியா

*

தாராவி
20 ஜூன் 2025

லாத்தா,

வஅலைக்குமுஸ்ஸலாம். மச்சான் சாப்பிட்டு, தூங்கி, எழுந்தும் விட்டார். நான் இன்னும் எழுதி முடிக்கவில்லை. சாதாத் தாளில் நாலு தடவை எழுதிக் கிழித்தேன். முதலில் எழுதினதில் கரையானைப் பற்றி இருந்தது, ஜீஷானைப் பற்றி இருந்தது. அதையெல்லாம் எடுத்துவிட்டேன். கடைசியில் உன் தாளில் எழுதினது இதுதான்:

"இந்த இடத்தில் தியோடலைட்டின் படம் இருந்தது. 2025-ஆம் வருஷம் நோன்பு மாதத்தில் அதை வெட்டி விற்றவன் இனாயத்துல்லா, தாராவி. படம் இப்போது காட்கோபரில் பூலோகம் அண்ணாச்சி இட்லிக் கடையில், கல்லாவுக்கு மேலே இருக்கிறது. அவர் இந்தக் கருவியைத் தோளில் சுமந்தவர். படத்தைத் தாருங்கள் என்று கேட்காதீர்கள், தரமாட்டார். பார்க்க வந்தோம் என்று சொல்லுங்கள். எல்லாம் சொல்லித் தருவார்."

இரண்டு இடத்தில் மை சிந்திவிட்டது. ஒரே தாள் என்றாய், அதனால் மாற்றவில்லை.

இனாயத்துல்லா

*

செம்பூர்
26 ஜூன் 2025

தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

தாளை ஒட்டிவிட்டேன். மையோடு சேர்த்து. வேதமுத்து சார் வந்து படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். அறையைத் திறந்து முதல் வாரமே பிள்ளைகளை ரயிலில் காட்கோபர் கூட்டிப் போகப் போகிறாராம்.

சனிக்கிழமை காலையில் மொட்டையை நான் கொண்டு வருகிறேன். தியோடலைட்டோடு நீ வந்துவிடு. திங்கட்கிழமை கடைக்கு வருவேன், என் பக்கத்து மேசையில் உன் ஸ்பேனர் எதுவும் கிடக்கக் கூடாது. போன் பண்ணினால் எடுப்பேன். கத்தினால் வைத்துவிடுவேன்.

பூலோகம் அண்ணாச்சியையும் கூப்பிட்டிருக்கிறேன். கடையை மூடிவிட்டு வருகிறேன் என்றார். உன் டாக்சி பள்ளிக்கூட கேட்டைத் தாண்டி உள்ளே வராது, அறை இரண்டாவது மாடி. அவர் பழக்க தோஷத்தில் ஸ்டாண்டுக்குக் கை நீட்டுவார். விடாதே. நீ தூக்கு.

லாத்தா